நூறு பாடவேளையில் கருத்துச் சுதந்திரம்: ஜெர்மனியின் ஒருங்கிணைப்பு வகுப்பு எப்படி?

ஜெர்மனியில் குடியேறுபவர்களுக்கான ஒருங்கிணைப்பு வகுப்பைப் பற்றி யாரைக் கேட்டாலும் மொழியைப் பற்றித்தான் சொல்வார்கள். பெயர்ச்சொல்லின் பாலைக் காட்டும் டெர், டி, டஸ் எப்போது பிடிபடும், பி1 என்னும் இடைநிலை மொழித் தேர்வில் கடிதம் எழுதும் பகுதியை எப்படிச் சமாளிப்பது, எந்த ஊர் ஆசிரியர் பொறுமைசாலி என்பதுதான் பேச்சாக இருக்கும். மொழிப்பகுதி 600 பாடவேளை என்பதால் அது இயல்பு. இங்கே மதிப்பிட எடுத்துக்கொண்டிருப்பது அதை அடுத்து வரும் 100 பாடவேளை நாட்டறிமுகப் பகுதியை. அதிலும் ஒரே ஒரு கோணத்தில்: மதநம்பிக்கையும் பேச்சுரிமையும் முட்டிக்கொள்ளும் இடத்தை இந்த வகுப்பு எப்படிச் சொல்லிக்கொடுக்கிறது?

இந்தக் கோணத்துக்குக் காரணம் உண்டு. 2005 செப்டம்பர் 30 அன்று டென்மார்க் நாளிதழ் ஒன்றில் நபிகள் நாயகம் தொடர்பான 12 கேலிச்சித்திரங்கள் வந்தன. 2015 ஜனவரியில் பாரிஸில் ஒரு நையாண்டிப் பத்திரிகை மீதான தாக்குதலில் 12 பேர் உயிரிழந்தார்கள். 2020 அக்டோபரில், வகுப்பில் அப்படிப்பட்ட படங்களைக் காட்டிய பிரெஞ்சு ஆசிரியர் ஒருவர் கொல்லப்பட்டார். இருபது ஆண்டுகளாக ஐரோப்பா தடுக்கி விழும் கல் இதுதான். ஒவ்வொரு முறையும் அரசுகள் 'ஒருங்கிணைப்பை வலுப்படுத்துவோம்' என்கின்றன. அந்த ஒருங்கிணைப்பு நடக்கவேண்டிய அறை இந்த நாட்டறிமுக வகுப்புதான். எனவே அந்த அறைக்குள் என்ன நடக்கிறது என்று பார்ப்பது நியாயம்.

முதலில் கணக்கு வழக்கு. 2005 ஜனவரி 1-ஆம் தேதி நடைமுறைக்கு வந்த குடியேற்றச் சட்டத்தோடு இந்த வகுப்பு தொடங்கியது. பாம்ஃப் என்று சுருக்கமாக அழைக்கப்படும் குடியேற்றம், அகதிகளுக்கான கூட்டரசு அலுவலகம் பாடத்திட்டத்தை வகுத்துப் பணம் தருகிறது. நடத்துவது ஃபோல்க்ஸ்ஹோக்ஷூல என்னும் நகராட்சிக் கல்வி நிலையங்களும் பாம்ஃப் அங்கீகாரம் பெற்ற பிற நிறுவனங்களும். ஆரம்பத்தில் 30 பாடவேளையாக இருந்த நாட்டறிமுகம் 45, 60 என்று கூடி, 2016-இல் 100 ஆனது. ஒரு பாடவேளை 45 நிமிடம். ஆக, மொத்தம் 75 மணி நேரம். முழுநேர வகுப்பில் நான்கைந்து வாரங்களில் முடிந்துவிடும். கட்டணம் கட்டிப் படிப்பவர்களுக்கு 2022 ஆகஸ்டிலிருந்து பாடவேளைக்கு 2.29 யூரோ, மொழியும் சேர்த்து 700 பாடவேளைக்கு 1,603 யூரோ. அரசின் வாழ்வாதார உதவியில் இருப்பவர்கள் கட்டண விலக்குக் கேட்கலாம். அது தானாக வராது, விண்ணப்பித்தால்தான் வரும்.

வகுப்பின் முடிவில் 'லேபன் இன் டொய்ச்லாண்ட்' (ஜெர்மனியில் வாழ்க்கை) தேர்வு. 33 கேள்விகள், 60 நிமிடம், ஒவ்வொன்றுக்கும் நான்கு விடைகள். 30 கேள்விகள் நாடு முழுவதற்கும் பொதுவானவை, 3 கேள்விகள் குடியிருக்கும் மாநிலத்தைப் பற்றியவை. வகுப்பில் தேற 15 சரியாக இருந்தால் போதும். குடியுரிமைக்குக் காட்ட 17 வேண்டும். கேள்விகள் எல்லாமே முன்கூட்டி வெளியிடப்பட்டவை: 300 பொதுக் கேள்வி, மாநிலத்துக்குப் பத்து. வகுப்புக்குப் போகாமல் தேர்வை மட்டும் 25 யூரோ கட்டி எழுதவும் வழி இருக்கிறது.

வகுப்பின் பலமும் பலவீனமும் தெரிய ஒரே ஒரு கேள்வியை அருகில் வைத்துப் பார்க்கலாம்.

கருத்துச் சுதந்திரம் ஜெர்மனியில் எப்போது கட்டுப்படுத்தப்படுகிறது என்று தேர்வில் ஒரு கேள்வி உண்டு. நான்கு விடைகள்: தனிநபர்களைப் பற்றிப் பொய்யான தகவலைப் பொதுவில் பரப்பும்போது, கூட்டரசைப் பற்றிக் கருத்துச் சொல்லும்போது, மதங்களைப் பற்றி விவாதிக்கும்போது, அரசை விமர்சிக்கும்போது. சரியான விடை முதலாவது. மூன்றாவதைத் தேர்ந்தெடுப்பவர்களை ஆசிரியர்கள் அடிக்கடி பார்க்கிறார்கள். அவர்கள் எல்லோரும் முஸ்லிம்களும் இல்லை. மதத்தைப் பற்றிப் பேசினால் ஊர்ச்சண்டை வரும், வழக்கு வரும் என்ற நாட்டிலிருந்து வந்த யாருக்கும், எந்த மதத்தவருக்கும், அதுதான் கை போகும் விடை. அது அறியாமை இல்லை. தான் வாழ்ந்த இடத்தின் சட்டத்தையும் மரியாதையையும் அவர் சரியாகத்தான் தெரிந்துவைத்திருக்கிறார், நாடுதான் மாறிவிட்டது.

இந்த இடத்தில் இரண்டு வகையான வகுப்புகள் உண்டு. ஒன்றில் ஆசிரியர் 'தவறு, விடை ஒன்று' என்று சொல்லி அடுத்த கேள்விக்குப் போகிறார். மாணவர் விடையைக் குறித்துக்கொள்கிறார், தேர்வில் போடுகிறார், மதிப்பெண் வாங்குகிறார். அவர் மனத்தில் ஒன்றும் நகரவில்லை. இன்னொரு வகுப்பில் ஆசிரியர் அங்கேயே இருபது நிமிடம் நிற்கிறார். இந்த இருபது நிமிடம்தான் முழு வகுப்பின் பெறுமதி. நேர நெருக்கடி வந்தால் முதலில் வெட்டப்படுவதும் இதுதான்.

இருபது நிமிடத்தில் என்ன செய்ய முடியும்? கரும்பலகையை மூன்று கட்டமாகப் பிரித்தால் போதும். முதல் கட்டம்: சட்டம் தடுப்பது. இரண்டாவது: சட்டம் அனுமதிப்பது, ஆனால் எனக்குப் பிடிக்காததால் நான் எதிர்த்துப் பேசுவேன், எழுதுவேன், ஊர்வலம் போவேன். மூன்றாவது: சட்டம் அனுமதிப்பது, நான் கண்டுகொள்ளாமல் போய்விடுவேன். பிறகு ஆளுக்கொரு சீட்டில் ஒரு சம்பவம். கார்னிவல் ஊர்வலத்தில் மதத் தலைவரின் கேலி உருவம். வேலையிடத்தில் பர்தாவைப் பற்றிய நக்கல். பள்ளிவாசல் சுவரில் எழுதப்பட்ட வசவு. 'இன்ன மதத்தவர்களை விரட்டுங்கள்' என்ற முகநூல் பதிவு. ஒருவர் தன் மதத்தை விட்டுவிட்டதாக அறிவித்து, அந்த மதத்தைக் கடுமையாகத் திட்டி எழுதும் கட்டுரை. ஒவ்வொரு சீட்டையும் எந்தக் கட்டத்தில் ஒட்டுவது என்று வகுப்பே முடிவு செய்ய வேண்டும்.

ஒட்டும்போதுதான் தேர்வின் விடை எவ்வளவு மேலோட்டமானது என்று தெரியவரும். அரசியலமைப்பின் 5-ஆவது பிரிவு கருத்துச் சுதந்திரத்தைத் தருகிறது, 4-ஆவது பிரிவு மதச் சுதந்திரத்தைத் தருகிறது. ஆனால் ஜெர்மன் தண்டனைச் சட்டத்தில் 166 என்று ஒரு பிரிவு இன்னும் உயிரோடு இருக்கிறது: பொது அமைதி குலையும் அளவுக்கு ஒரு மதத்தை இழிவுபடுத்தினால் மூன்று ஆண்டு வரை சிறை அல்லது அபராதம். அதாவது மதத்தை விவாதிக்கலாம், விமர்சிக்கலாம், நையாண்டி செய்யலாம். அமைதி குலையும் அளவு வசைக்கு மட்டும் ஓர் எல்லை இருக்கிறது, அந்த எல்லையும் மிகத் தள்ளியே இருக்கிறது. 130-ஆவது பிரிவு ஒரு மக்கள் கூட்டத்துக்கு எதிராக வெறுப்பைத் தூண்டுவதைத் தண்டிக்கிறது. யூத இனப்படுகொலையை மறுத்தால் ஐந்தாண்டு வரை சிறை அதில்தான் வருகிறது. 185-ஆவது பிரிவு தனிமனிதரை அவமதிப்பதற்கு. பொதுவிலோ இணையத்திலோ செய்தால் இரண்டாண்டு வரை போகலாம். 86அ பிரிவு நாஜிச் சின்னங்களுக்கு. வாட்ஸ்அப்பில் சிரிப்புக்காக அனுப்பும் ஹிட்லர் ஸ்டிக்கர்கூடப் பெரிய குழுவில் பகிர்ந்தால் வழக்கில் கொண்டுபோய் விடலாம். புதிதாக வந்த இளைஞர்களுக்குக் கேலிச்சித்திர விவாதத்தைவிட அவசரமாகத் தெரியவேண்டியது இந்தக் கடைசி விஷயம். பல வகுப்புகளில் அது வாயில் வருவதே இல்லை.

கருத்துக்கும் ஆளுக்கும் நடுவில் கோடு ஓடுகிறது என்பது சீட்டை ஒட்டி முடிக்கும்போது தானாகப் புரியும். நம்பிக்கையைக் கேலி செய்ய இடம் உண்டு, நம்புகிற மனிதரை வேட்டையாட இடமில்லை. இந்த ஒரு வேறுபாடு பிடிபட்டுவிட்டால், கேலிச்சித்திரம் ஏன் சட்டப்படி சரி, பள்ளிவாசல் சுவரில் வசவு எழுதுவது ஏன் குற்றம் என்பது மாணவருக்கு ஒரே விதியின் இரண்டு பக்கங்களாகத் தெரியும். 'எங்களைத் திட்டினால் சுதந்திரம், அவர்களைத் திட்டினால் குற்றமா?' என்ற கேள்விக்கும் அப்போதுதான் நேர்மையான பதில் கிடைக்கும். அந்தக் கேள்வி எல்லா வகுப்பிலும் வருகிறது. அதை அடக்குகிற ஆசிரியர் வகுப்பை இழந்துவிடுகிறார்.

தேர்வு என்ன அளக்கிறது

கணக்குப் போட்டுப் பாருங்கள். நான்கு விடைக் கேள்வியில் கண்ணை மூடிக்கொண்டு குறித்தாலும் சராசரியாக நான்கில் ஒன்று சரியாகும். 9 கேள்விக்கு உறுதியாக விடை தெரிந்தவர் மீதி 24-ஐ ஊகித்தால் சராசரியாக 6 கிடைக்கும். மொத்தம் 15, தேறியாகிவிட்டது. அந்த 9 கேள்வியும் கூட்டரசு மாநிலங்கள் எத்தனை, கொடியின் நிறம் என்ன என்று இருக்கலாம். கருத்துச் சுதந்திரம், மதச் சுதந்திரம், ஆண் பெண் சமத்துவம் பற்றிய எல்லாக் கேள்வியையும் தவறவிட்டும் ஒருவர் தேறலாம். அவற்றுக்குத் தனிக் கட்-ஆஃப் கிடையாது.

எல்லாவற்றையும் சரியாக எழுதிவிட்டால் மட்டும் என்ன தெரிந்துவிடுகிறது? பாடன்-வூர்ட்டம்பெர்க் மாநிலத்தில் ஒரு மருத்துவர் குடியுரிமைத் தேர்வில் முழு மதிப்பெண் வாங்கினார். 2015-இல் சான்றிதழைக் கையில் தரவந்த பெண் அதிகாரியிடம் கை குலுக்க மறுத்தார், குடியுரிமை மறுக்கப்பட்டது. மன்ஹைமில் உள்ள மாநில உயர் நிர்வாக நீதிமன்றம் 2020-இல் அந்த மறுப்பு சரி என்றது. தீர்ப்பு சரியா தவறா என்று இரண்டு பக்கமும் வாதிடலாம். இந்த மதிப்பீட்டுக்கு வேண்டியது வேறு: தேர்வுத்தாளால் பார்க்க முடியாததைக் கைகுலுக்கலை வைத்துப் பார்க்க அரசு முயன்றது. தேர்வின் மேல் அரசுக்கே முழு நம்பிக்கை இல்லை என்பது அதிலிருந்து தெரிகிறது.

2024-இல் இரண்டு மாற்றங்கள் வந்தன. கேள்வித் தொகுப்பில் யூதர் வாழ்க்கை, யூத வெறுப்பு, இஸ்ரேல் பற்றிய புதிய கேள்விகள் சேர்ந்தன. குடியுரிமைச் சட்டத்தில், நாஜி ஆட்சி தொடர்பாக ஜெர்மனிக்குள்ள சிறப்பு வரலாற்றுப் பொறுப்பை ஏற்பதாக ஓர் உறுதிமொழியும் வந்தது. உள்ளடக்கத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை. அந்த வரலாறு தெரியாமல் 130-ஆவது பிரிவு ஏன் இருக்கிறது என்றே புரியாது. ஆனால் வகுப்பில் அதைச் சொல்லும் தொனி முக்கியம். 'உங்களைச் சோதிக்கத்தான் இது' என்ற தொனியில் சொன்னால் முஸ்லிம் மாணவர்கள் குற்றவாளிக் கூண்டில் நிற்பதுபோல் உணர்ந்து வாயை மூடிக்கொள்வார்கள். 'இந்த நாடு தன் சொந்தக் குற்றத்திலிருந்து கற்ற பாடம் இது, உங்கள் பள்ளிவாசலையும் இதே சட்டம்தான் காக்கிறது' என்று சொன்னால் அதே மாணவர்கள் கேள்வி கேட்பார்கள். இரண்டும் ஒரே பாடப்புத்தகம்தான்.

இதோடு சேர்த்துச் சொல்லவேண்டிய ஒன்று: கார்ல்ஸ்ரூஹவில் உள்ள அரசியலமைப்பு நீதிமன்றம் 2009-இல் வுன்ஸீடல் வழக்கில், அரசியலமைப்பின் மதிப்பீடுகளை மனத்தளவில் ஏற்றுக்கொள்ளும்படி குடிமக்களைச் சட்டம் கட்டாயப்படுத்தவில்லை என்று தெளிவாகச் சொன்னது. சொன்னது நவநாஜிகள் சம்பந்தப்பட்ட வழக்கில். அதன் பொருள் வகுப்புக்கும் பொருந்தும்: கேலிச்சித்திரம் பிடிக்க வேண்டும் என்று யாரும் யாரையும் கேட்க முடியாது. அதைத் தடுக்க வன்முறையைக் கையில் எடுக்காதே, சட்டத்தை மதி என்று கேட்கலாம். மனம் புண்படுவது மாணவரின் உரிமை. குடியுரிமை கேட்பவரிடம் உறுதிமொழி வாங்குகிறார்கள், உண்மை. ஆனால் அது அரசமைப்பின் அடிப்படை ஒழுங்குக்கான உறுதிமொழி, ரசனைக்கானதில்லை. இதை வெளிப்படையாகச் சொன்ன வகுப்பில் பதற்றம் பாதியாகக் குறைந்துவிடும்.

சொல்லாமல் விடப்படும் பாதி

கடமைகளை விரிவாகச் சொல்லும் பாடத்திட்டம் உரிமையைப் பயன்படுத்தும் வழியைச் சுருக்கிவிடுகிறது. கருநிறத்தவர் ஒருவர் உணவகத்தில் வேலைக்கு விண்ணப்பிக்கிறார், எது பாகுபாடு என்று தேர்வில் ஒரு கேள்வி இருக்கிறது. விடை, நிறத்தை மட்டும் காரணமாக வைத்து வேலை தராமல் விடுவது. சரி. அடுத்த நாள் அது உண்மையாகவே நடந்தால் எங்கே போவது? 2006-ஆம் ஆண்டின் சமத்துவச் சட்டப்படி, வேலையிலோ கடையிலோ வீடு வாடகையிலோ பாகுபாடு நடந்தால் இழப்பீடு கோர இரண்டு மாதம்தான் அவகாசம். அந்த இரண்டு மாதம் என்ற எண்ணைத் தெரிந்துகொள்ளாமல் வகுப்பை முடித்தவர் உரிமையின் பெயரை மட்டும் தெரிந்துகொண்டவர். கூட்டரசின் பாகுபாட்டு எதிர்ப்பு அலுவலகம் இலவசமாக ஆலோசனை தருகிறது என்பதும் கூடவே சொல்லப்பட வேண்டும்.

ஹிஜாப் என்னும் தலைத்துணி விஷயமும் அப்படியே. ஆசிரியைகளுக்கு ஒட்டுமொத்தத் தடை கூடாது என்று அரசியலமைப்பு நீதிமன்றம் 2015-இல் சொன்னது. தனியார் நிறுவனம் எல்லா மத, அரசியல் அடையாளத்துக்கும் ஒரேமாதிரி தடை வைத்து, அதற்கு உண்மையான தேவை இருப்பதையும் நிரூபித்தால் வைக்கலாம் என்று ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம் 2021 ஜூலையில் சொன்னது. நீச்சல் வகுப்பில் முஸ்லிம் மாணவி உடல் முழுதும் மூடும் புர்கினி நீச்சலுடை அணிந்து கலந்துகொள்ளலாம், விலக்குக் கேட்க முடியாது என்பது 2013-இல் லைப்சிக்கில் உள்ள கூட்டரசு நிர்வாக நீதிமன்றத்தின் தீர்ப்பு. மூன்றிலும் மதத்துக்கு முழு வெற்றியும் இல்லை, முழுத் தோல்வியும் இல்லை. பேரம் பேசித் தீர்க்கும் இந்த முறையைத்தான் புதிதாக வந்தவர் முக்கியமாகக் கற்க வேண்டும். பாடப்புத்தகம் அதை இரண்டு வரியில் முடித்துவிடுகிறது.

ஊர்வலம் போவதிலும் ஒரு நுணுக்கம் இருக்கிறது. அரசியலமைப்பின் 8-ஆவது பிரிவு 'எல்லா ஜெர்மானியர்களுக்கும்' என்றுதான் தொடங்குகிறது. அதைப் படித்துவிட்டுத் தனக்கு உரிமை இல்லை என்று முடிவு செய்பவர்கள் உண்டு. கூட்டம் கூடும் சட்டமும் ஐரோப்பிய மனித உரிமை உடன்படிக்கையும் வெளிநாட்டவருக்கும் அந்த உரிமையைத் தருகின்றன. திறந்தவெளிக் கூட்டத்தைப் பொதுவாக, மக்களுக்கு அறிவிப்பதற்கு 48 மணி நேரம் முன்பு அதிகாரியிடம் பதிய வேண்டும். அனுமதி கேட்பது வேறு, பதிவது வேறு. புண்பட்ட மனத்துக்குச் சட்டம் காட்டும் வாசல் இது. வாசல் எங்கே இருக்கிறது என்று சொல்லாமல் 'வன்முறை கூடாது' என்று மட்டும் சொல்வது போதாது.

பக்கத்து நாடுகளில்

மதிப்பீடுகள் பற்றிய கேள்விகளைத் தவறவிட்டும் தேறலாம் என்ற ஓட்டையை டென்மார்க்கின் குடியுரிமைத் தேர்வு அடைத்திருக்கிறது. 45 கேள்வி, 45 நிமிடம், 36 சரியாக வேண்டும். அதற்குள் மதிப்பீடுகள் பற்றிய 5 கேள்விக்குத் தனிக் கட்-ஆஃப்: அதில் 4 சரியில்லை என்றால் மொத்த மதிப்பெண் எவ்வளவு இருந்தாலும் தோல்வி. இந்த ஐந்தும் பாடநூலிலிருந்து வருவதில்லை. அளவுகோலாக இது ஜெர்மனியைவிடக் கூர்மையானது. ஆனால் சொல்லிக்கொடுக்காத ஐந்து கேள்வியில் ஒருவரின் எதிர்காலத்தை மாட்டிவைப்பது நியாயமாகப் படவில்லை. 2019-லிருந்து குடியுரிமை விழாவில் கைகுலுக்கலும் கட்டாயம். இன்னொன்று, டென்மார்க்கில் சட்டமே நிலையாக நிற்கவில்லை. 2017-இல் தெய்வ நிந்தனைப் பிரிவை நீக்கினார்கள். 2023 டிசம்பரில் குர்ஆன் எரிப்புகளுக்குப் பிறகு, மத நூல்களைப் பொதுவில் தகாத முறையில் நடத்தினால் இரண்டாண்டு வரை சிறை என்று புதிய சட்டம் கொண்டுவந்தார்கள். பழைய குறிப்பை வைத்துப் படிப்பவர் இங்கே சறுக்குவார்.

பிரான்ஸில் குடிமை வகுப்பு நான்கே நாள், 24 மணி நேரம். நான்கு நாளில் லாயிசித்தே என்ற அரச மதச்சார்பின்மையைப் புரியவைப்பது நடக்கிற காரியம் இல்லை. வகுப்பை முடித்தும் பலர் அதைத் தலைகீழாகவே புரிந்துவைத்திருக்கிறார்கள். அரசும் அரசு ஊழியரும் மத அடையாளம் காட்டக்கூடாது. 2004 சட்டப்படி அரசுப் பள்ளி மாணவர்களும் பளிச்சென்ற அடையாளம் அணியக்கூடாது. 2010 சட்டம் பொது இடத்தில் முகத்தை மறைப்பதைத் தடுக்கிறது. தெருவில் தலையில் துணி போட்டு நடப்பவருக்கு எந்தத் தடையும் இல்லை. மதத்தைத் திட்டுவது அங்கே குற்றமே இல்லை. அவர்கள் மதத்தைக் காரணமாக வைத்து ஆட்களைத் திட்டினால் ஓராண்டு சிறையும் 45,000 யூரோ அபராதமும் வரை போகலாம். இதை விளக்க ஒரு நல்ல உதாரணமும் அவர்கள் கையில் இருக்கிறது: 2007-இல் முஸ்லிம் அமைப்புகள் கேலிச்சித்திரங்களுக்காக ஒரு பத்திரிகையைப் பாரிஸ் நீதிமன்றத்துக்கு இழுத்தன. பத்திரிகை விடுதலை ஆனது. வழக்குப் போட்டவர்கள் செய்ததும் சரியான வழி, நீதிமன்றம் சொன்னதும் சட்டம். இரண்டையும் ஒரே மூச்சில் சொல்ல முடிகிற உதாரணம் அரிது.

பிரான்ஸ் 2026 ஜனவரி 1 முதல் புதிய குடிமைத் தேர்வைக் கட்டாயமாக்கியிருக்கிறது: 40 கேள்வி, 45 நிமிடம், 32 சரியாக வேண்டும். அதில் 12 கேள்விகள் சூழ்நிலைக் கேள்விகள்: இப்படி ஒன்று நடந்தால் என்ன செய்வீர்கள் என்ற வகை. அறிவுக் கேள்விகள் முன்கூட்டி வெளியாகின்றன, சூழ்நிலைக் கேள்விகள் வெளியாவதில்லை. மனப்பாடத்தை உடைக்கும் இந்த யோசனையை ஜெர்மனி தயங்காமல் எடுத்துக்கொள்ளலாம். 24 மணி நேர வகுப்பை அல்ல.

நெதர்லாந்து 2006-இல் செய்ததை எச்சரிக்கையாகச் சொல்ல வேண்டும். விசா கேட்பவர்கள் சொந்த நாட்டிலேயே எழுதவேண்டிய தேர்வுக்கு ஒரு படம் தயாரித்தார்கள். அதில் கடற்கரையில் மேலாடை இல்லாத பெண்ணும் முத்தமிடும் இரண்டு ஆண்களும் வந்தார்கள். அப்படிப்பட்ட காட்சிகள் சட்டவிரோதமான நாடுகளுக்கு வெட்டிய பிரதி ஒன்றும் இருந்தது. அமெரிக்கா, கனடா, ஜப்பான் நாட்டினருக்குத் தேர்வே கிடையாது. யாரை முகம் சுளிக்கவைக்க அந்தக் காட்சிகள் என்பது எல்லோருக்கும் புரிந்தது. கற்பிப்பதும் சீண்டுவதும் ஒன்றாகக் கலந்தால் கற்பித்தல் செத்துவிடும்.

பிரிட்டனில் வகுப்பே இல்லை. ஒரு கையேடு, 24 கேள்வி, 45 நிமிடம், 18 சரி, 50 பவுண்டு. பிரபுக்கள் சபைக் குழு 2022-இல் அந்தத் தேர்வைக் கடுமையாக விமர்சித்தது. பேச ஆளில்லாத இடத்தில் பேச்சுச் சுதந்திரத்தைப் படிப்பது எப்படி என்று கேட்டுவிட்டு நகரலாம்.

ஆக, ஜெர்மன் வகுப்பு இந்த ஐந்தில் முதலிடம். காரணம் தேர்வு இல்லை, அந்த 75 மணி நேரம். பல நாட்டவர், பல மதத்தவர், மதம் வேண்டாம் என்று ஓடிவந்தவர், மதத்துக்காக ஓடிவந்தவர் எல்லோரும் ஒரே மேசையில் உட்கார்ந்து, அரைகுறை ஜெர்மனில் கடவுளைப் பற்றி வாதாடி, மதியம் ஒன்றாகக் காபி குடிக்கப் போகிற இடம் ஐரோப்பாவில் வேறு எத்தனை இருக்கிறது? தேர்வுக்கு மதிப்பெண் போடச் சொன்னால் பத்துக்கு நான்கு. நன்றாக நடக்கும் வகுப்புக்கு எட்டு. மோசமாக நடக்கும் வகுப்புக்கு, தேர்வுக்குப் போட்ட அதே நான்கு.

நன்றாக நடக்கும் வகுப்பைக் கண்டுபிடிக்க வேண்டும். பாம்ஃப்-நாவி என்ற இணையத் தேடலில் அஞ்சல் குறியீட்டைப் போட்டால் அருகிலுள்ள நிலையங்கள் வரும். சேருமுன் நேரில் போய்க் கேளுங்கள். மொழிப்பகுதி ஆசிரியரே நாட்டறிமுகத்தையும் எடுக்கிறாரா? எடுத்தால் நல்லது, மாணவர்களிடம் ஏற்கெனவே நம்பிக்கை இருக்கும், கடினமான பேச்சை எடுக்க அது வேண்டும். 310 கேள்வியை வரிசையாக ஓட்டுவதற்கு எத்தனை நாள் ஒதுக்குகிறார்கள்? கடைசி மூன்று, நான்கு நாள் என்றால் சரி. முதல் வாரத்திலிருந்தே கேள்வித்தாள் ஓட்டும் இடம் என்றால் வேறு இடம் பாருங்கள். வெளியே எங்கே கூட்டிப்போகிறார்கள்? பள்ளிவாசல், யூத வழிபாட்டு இடம், நீதிமன்றம், வதைமுகாம் நினைவிடம் இவற்றில் ஒன்றாவது இருக்க வேண்டும். நகர அருங்காட்சியகத்தோடு நிறுத்துகிறவர்கள் கடினமான பாடத்தைத் தவிர்க்கிறார்கள் என்று எடுத்துக்கொள்ளலாம்.

கேள்விகளைச் செயலியில் படிப்பதில் தப்பில்லை. ஒரு நாளைக்கு 30 வீதம் பத்து, பதினோரு நாளில் ஒரு சுற்று முடியும். படிக்கும்போது கருத்து, மதம், சமத்துவம் பற்றியவற்றைத் தனியே குறித்துவைத்து, தவறான மூன்று விடையும் ஏன் தவறு என்று ஒரு வரி எழுதிப் பாருங்கள். எழுத முடியாத இடம்தான் வகுப்பில் கைதூக்கிக் கேட்கவேண்டிய இடம். 15-ஐக் குறிவைக்காதீர்கள், 17 வந்தால் குடியுரிமைக்கும் அதே சான்றிதழ் போதும், இன்னொரு 25 யூரோ மிச்சம். அடிப்படை உரிமைகள் பாடம் எந்தத் தேதிகளில் வருகிறது என்று முதல் நாளே கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். மருத்துவர் சந்திப்பு, அலுவலக வேலை எதுவானாலும் அந்த நாட்களில் மட்டும் வைக்காதீர்கள்.